ஒரு நட்டுகூட மாறாத மைனா

1

இந்தக் கதை ஒரு கம்பெனியின் விளம்பரப் புத்தகத்திலிருந்து திருடியது. திருடியவள் நான். அந்தப் புத்தகத்தை எழுதியவளும் நானே. என் வீட்டில் நானே திருடினால் எந்த ஸ்டேஷனில் புகார் எழுதுவார்கள் என்ற தைரியத்தில்தான் ஆரம்பித்தேன். இப்போது புதன்கிழமை மத்தியானம். தைரியத்தில் பாதிக்குமேல் போய்விட்டது. நாளைக் காலை பத்து மணிக்கு ஒக்கலிபுரத்தில் ஒரு வீட்டு வாசலுக்கு மூன்று பேர் வருகிறார்கள். அவர்கள் வருவதற்கு நான் எழுதிய ஒரு வரிதான் காரணம். அது எந்த வரி என்பதை மூன்றாம் பகுதியில் சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்து வித்தை காட்டுகிற மனநிலையில் நான் இல்லை.

முதலில் வண்டி. மைனா என்று ஒரு சின்னக் கார் பெங்களூரில் ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். (பெயரை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்ற முடியவில்லை. மாற்றினால் அந்த வீட்டு ஜூடித் பேசுகிற பெங்களூர்த் தமிழ் பொய்யாகிவிடும்.) இரண்டு கதவு, பின்பக்கம் எஞ்சின், மூக்கில் ஒரு பறவைச் சின்னம். நாலு பேர் உட்காரலாம் என்று ஆர்.சி. புத்தகம் சொல்லும். அந்த நாலு பேரும் ஒருவருக்கொருவர் நெருங்கிய சொந்தமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

முப்பது வருடத்துக்குமேல் கழித்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் லிஃப்ட் மோட்டார் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி மைனாவை வாங்கியது. வாங்கியது என்றால் பெயர், பறவைச் சின்னம், இரண்டு அலமாரி நிறைய வரைபடம். கிடைத்தது அவ்வளவுதான். பேட்டரி ஓரிடம், கண்ணாடி ஓரிடம், மோட்டார் சொந்தம் என்று சேர்த்து ஒரு மின்சார மைனாவைக் கட்டி நிறுத்திவிட்டார்கள். குறை சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடும்போது சத்தமே இல்லை. சந்துக்குள் பின்னால் வந்து நின்றால் முன்னால் நடக்கிறவருக்குத் தெரியாது. ஏதாவது சத்தம் வேண்டும் என்று பேசி, கடைசியில் பழைய மைனாவின் சத்தத்தையே ஸ்பீக்கரில் வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

அதற்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய மைனா வேண்டுமே! ஊரெல்லாம் சலித்ததில் ஒன்றே ஒன்று அகப்பட்டது. ஒக்கலிபுரத்தில், டிரைவர் ஜாய்சன் வீட்டு வாசலில், தார்ப்பாய்க்கு அடியில்.

2

ஆரம்பம் சரியாக வரவில்லை. எழுதிப் பார்த்துக் கைவிட்டவை இவை.

"ஜூடித் அன்று காலை எழுந்தபோது எல்லாம் வழக்கம்போலத்தான்" — (எல்லாம் வழக்கம்போல இருந்தால் கதை எதற்கு?)

"பெங்களூரு என்னும் மாநகரம் தன் பழைய" — (விளம்பரப் புத்தகத்தின் வாடை. என் கை இன்னும் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்க்கிறது.)

"ஒரு பொய் பதினெட்டு வருடமாக லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த" — (இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஜூடித் படித்தால் என்ன நினைப்பாள் என்று தோன்றியதும் வெட்கமாகிவிட்டது.)

நேராகவே சொல்கிறேன். ஜூடித்துக்கு நாற்பத்தேழு வயது. கான்வென்ட் பள்ளி ஆபீஸில் கிளார்க். அட்மிஷன் படிவத்தில் பிறந்த தேதி ஒரு எண் பிசகியிருந்தாலும் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். கணவன் ஜாய்சன் ஆறு வயது மூத்தவன். ஐ.டி. கம்பெனிகளுக்குக் கேப் ஓட்டியே முதுகைத் தேய்த்துக்கொண்டவன். போன வருடம் கான்ட்ராக்ட் கைமாறியதில் வேலை போயிற்று. அதிலிருந்து யாராவது கூப்பிட்டால் போகிற ஆக்டிங் டிரைவர். கூப்பிடாத நாட்களில் வாசலில் நிற்கும் மைனாவைத் துடைப்பான்.

அந்த வாசலுக்குத்தான் மமதா வந்தாள். புதிய மைனாவின் விளம்பரத்துக்கெல்லாம் பொறுப்பு அவள். மைக் வைத்து மூன்று நாள் சத்தம் பதிவு செய்தாள். அப்படியே ஜாய்சனையும் பிடித்துப்போயிற்று. ஷோரூமுக்கு வருகிறவர்களுக்குப் புது வண்டியை ஓட்டிக்காட்டி, பழைய மைனாவின் கதையும் சொல்ல ஓர் ஆள் வேண்டும், நீங்களே இருங்கள் என்றாள். நிரந்தர வேலை, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., சட்டைப்பையில் பறவை தைத்த சீருடை. வருகிற ஞாயிற்றுக்கிழமை புது மைனாவின் அறிமுக விழா. மேடையில் வைத்து வேலைக்கான ஆர்டர் கொடுப்பார்கள்.

சீருடை முந்தாநாளே வந்துவிட்டது.

"ஜூடி, காலர் சரியா நிக்குதா பாரு."

"நிக்குது."

"பாக்காமயே சொல்றியே!"

"பாத்துட்டுத்தாங்க சொல்றேன்."

அவள் பார்க்கவில்லை. கால்சராயின் அடியை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பறவை அவன் நெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து அவளால் அந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை.

"வியாழக்கிழம ஒரு பெரியவரு வர்றாராம்," என்றான் ஜாய்சன், கண்ணாடியைப் பார்த்தபடி. "பழைய ஃபேக்டரில எஞ்சின் நம்பர் அடிச்சவரே அவருதானாம். நம்பரப் பாத்து சர்டிபிகேட் குடுப்பாராம். ஃபோட்டோகூட எடுக்கறாங்க."

"நம்பர எதுக்குப் பாக்கணும்?"

"ஒரிஜினல்னு ப்ரூஃப் வேணாமா? அதான் புக்குல போட்டாச்சே, ஒரு நட்டுகூட மாத்தலன்னு."

ஜூடித் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஆமா, போட்டாச்சு," என்றாள். அதற்குப் பிறகு அடுப்படிக்குப் போய், வைத்திருந்த சாம்பாரில் இரண்டாவது தடவை உப்புப் போட்டாள்.*

* இந்த உப்பு நான் சேர்த்தது. அவள் அப்படிச் சொல்லவில்லை. பார்த்தீர்களா, இதுதான் என் வியாதி.

3

அந்த வரி: "ஒரு நட்டுகூட மாறாத வண்டி என் மைனா — ஜாய்சன், ஒக்கலிபுரம்."

ஜாய்சன் இதைச் சொல்லவே இல்லை.

மார்ச் மாதம் விளம்பரப் புத்தகத்துக்காக அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினான். என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்: "நல்லா ஓடுது மேடம். ஸ்டார்ட்டிங் டிரபிள் இல்ல. நாம எப்பிடிப் பாத்துக்கறமோ அப்பிடி." இவ்வளவுதான். நல்ல மனிதர்களின் பேச்சை அச்சில் ஏற்றினால் உப்புச்சப்பில்லாமல்தான் இருக்கும்.

அதை அனுப்பினேன். மமதா போன் செய்தாள். "மேடம், ஸ்வல்ப எமோஷன் ஜாஸ்தி மாடி. ரீடர்க்கு கண்ணுல தண்ணி வரணும்." உணர்ச்சியைக் கொஞ்சம் கூட்டச் சொல்கிறாள். கண்ணில் தண்ணீர் வரவைக்கத் தெரிந்தவள்தானே நான்? ஐந்து நிமிடத்தில் அந்த வரியை எழுதி, கீழே ஜாய்சன் பெயரைப் போட்டு அனுப்பினேன். வழக்கமாக இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் பெயர்ப்பதுதான் என் பிழைப்பு. இந்தத் தடவை என் தமிழ் வரியைக் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பெயர்த்தார்கள். ஹோர்டிங்கில் போட்டார்கள். மேம்பாலத்தில் பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

மமதா அதை ஜாய்சனிடம் படித்துக் காட்டியிருக்கிறாள். அச்சில் வந்துவிட்டதை இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அதுவும் தன் பெயர் போட்டு வந்ததை? அன்று தானே அப்படிச் சொல்லியிருப்போம் என்று அவன் நம்பியிருக்க வேண்டும். பிறகு கேமரா முன்னால் நின்று தன் வாயாலேயே சொல்லி, கையெழுத்தும் போட்டுவிட்டான். இவ்வளவு பெரிதாகச் சொல்லிவிட்டோமே, சான்று வேண்டாமா என்று கம்பெனியின் சட்டப்பிரிவு கேட்டது. அதனால்தான் நம்பரைப் பார்க்கப் பெரியவர் வருகிறார்.

இதில் நான் இன்னும் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்த ஒன்று இருக்கிறது. அன்று மார்ச் மாதம் ஜாய்சன் எனக்காக பேக்கரிக்குப் போய் எக் பப்ஸ் வாங்கிவரப் பத்து நிமிடமாயிற்று. நான் நோட்டை மூடிவிட்டேன். நோட்டை மூடினால்தான் மனிதர்கள் பேசுவார்கள். ஜூடித் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "மேடம், அந்த எஞ்சின் அவரோட எஞ்சின் இல்ல," என்றாள்.

அது தெரிந்த பிறகுதான் அந்த வரியை எழுதினேன். தமிழ்ப் பிரதியை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். இதற்குமேல் என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

4

2007. ஜாய்சன் குவைத்துக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. போவதற்கு முன் ஜூடித்துக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸும் எடுத்துக்கொடுத்தான். ஆனால் கண்டிஷன் போட்டிருந்தான்: ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிடம் ஓடவிடு, வெளியே எடுக்காதே. அவளும் ஐம்பது ஞாயிறு அப்படியே செய்தாள். டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. சாவி போட்டால் எரியும், ஸ்டார்ட் ஆனதும் தானே அணையும். ஐம்பது ஞாயிறும் அணைந்தது.

செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா திருவிழா. சிவாஜிநகர் கோயிலுக்கு வருடா வருடம் பஸ்ஸில் போய் இடிபட்டுத்தான் திரும்புவாள். அந்த வருடம் மட்டும் அவளுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. கார் கதவைத் திறந்துகொண்டு, திருவிழாவுக்கு உடுத்துகிற காவிப்புடவை கசங்காமல், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். பள்ளி ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவர்கள் யாராவது பார்க்க வேண்டும். "வேற ஒண்ணுமில்ல மேடம். கார்ல போய் எறங்கணும்னு ஆச, அவ்ளோதான்," என்றாள் என்னிடம். பெரிய பாவம் எதையோ ஒப்புக்கொள்கிற குரல். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

கன்டோன்மென்ட் தாண்டியதுமே கூட்டம். முதல் கியரில் ஊர்ந்தாள். அப்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஐம்பது ஞாயிறு தானே அணைந்த விளக்குத்தானே, இதுவும் அணையும் என்று நினைத்தாள். கோயில் கொடி கண்ணுக்குத் தெரிகிற தூரம். இருபது நிமிடம் போனாள். பின்பக்கம் ஏதோ கடகடவென்று அரைபட்டது. வண்டி நின்றது நின்றதுதான். ஆயில் சொட்டு மிச்சமில்லாமல் ஒழுகியிருந்தது.

காவி உடுத்திய கூட்டம் "மரியே வாழ்க" என்று சொல்லிக்கொண்டே வண்டியை ஒரு சந்துக்குள் தள்ளிவிட்டது. அது பழைய வண்டிச் சாமான் விற்கிற சந்து. மாதாவே ஆள் அனுப்பினாள் என்றுதான் ஜூடித் அன்று நம்பினாள். அங்கே கடை வைத்திருந்த நயாஸ் பாய் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஜாம் ஆயிடுச்சு பெஹன். இது இனிமே எழுந்துக்காது."

"வேற வழியே இல்லியா பாய்? அவருக்குத் தெரியக்கூடாது."

"மைனா எஞ்சின் இப்போ எங்கயும் கெடைக்காது. ரொட்டி போடற மூணு சக்கர வேன் ஒண்ணு ஒடச்சிருக்கேன். அதுவும் ரெட்ட சிலிண்டர். பிராக்கெட்ட கொஞ்சம் வெட்டினா உக்காந்துக்கும்."

உட்கார்ந்துகொண்டது. நாலாம் நாள் வண்டி ஓடியது. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் எழுதி மாற்ற வேண்டும், அதற்கு வண்டிக்காரர் நேரில் வர வேண்டும். வண்டிக்காரர் எங்கே என்று பாய் கேட்டார். குவைத்தில் என்றாள் ஜூடித். "அப்போ நாமளே மாத்திக்கலாம், படிங்க," என்று பாய் அரத்தை எடுத்து வேன் எஞ்சினில் இருந்த நம்பரைத் தேய்த்தார். ஜூடித் ஆர்.சி. புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஆபீஸில் அட்மிஷன் நம்பர் சரிபார்க்கிற அதே குரலில், ஒவ்வோர் எண்ணையும் இரண்டு தடவை படித்தாள். பாய் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடித்தார். ஆறு எண்கள். பிழையே இல்லை. அதில் இரண்டு நாலு.

2009இல் ஜாய்சன் திரும்பி வந்து ஸ்டார்ட் பண்ணிக் காது கொடுத்துக் கேட்டான்.

"சத்தம் மாறியிருக்கே?"

"போர் போட்டாங்க," என்றாள் ஜூடித். சிலிண்டரைக் கடைவதற்கு மெக்கானிக்குகள் சொல்கிற சொல், ரொம்ப நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

"ஓ," என்றான். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

ஆக, ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து புறப்படப்போகிற புது மைனாக்கள் அத்தனையும் ஒரு ரொட்டி வேனின் சத்தத்தோடுதான் போகப்போகின்றன. விஷயம் வேறு யாருக்காவது நடந்திருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

5

நாளை வரப்போகிற பெரியவர் ஜெயராமன். எழுபத்துநாலு வயது. பழைய தொழிற்சாலையில் பதினோரு வருடம் எஞ்சின் நம்பர் அடித்தவர். புத்தகத்துக்காக அவரையும் பார்த்துப் பேசியிருக்கிறேன். பதிவு செய்த சத்தத்தை மமதா அவருக்குப் போட்டுக் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "அதேதான்மா. இத மறக்க முடியுமா?" என்றார். நான் பக்கத்திலேயே இருந்தேன். ரொட்டி வேனைக் கேட்டு அழுகிறார் என்று எனக்குத் தெரியும். தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அவர் காது அப்படி. கண் அப்படியில்லை. என் நோட்டை வாங்கி அவரே ஒரு நாலு போட்டுக் காட்டினார். தலை மூடாத நாலு.

"எழுபத்தொம்போதுல நாலு நம்பர் பஞ்ச் முனை ஒடஞ்சுபோச்சுமா. ஸ்டோர்ஸ்ல வேற கேட்டேன், தரல. கடைசி வரைக்கும் அதே ஒடஞ்ச பஞ்ச்தான். அதுக்கப்புறம் வந்த எல்லா மைனாவுலயும் நாலு தொறந்துதான் இருக்கும். அதப் பாத்தே சொல்லிடுவேன், இது என் கையி."

ஜாய்சனின் வண்டி எண்பத்துமூன்றாம் வருடத்து வண்டி. அதன் எஞ்சின் நம்பரை நான் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன். இன்று காலையிலிருந்து பதினான்கு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். இரண்டு நாலும் தலை மூடிய நாலு.

ஜூடித்துக்கு இது தெரியாது. எண்கள் சரி, அது போதும் என்று ஒரு நூல் நம்பிக்கையில் இருக்கிறாள். நம்பர் மாற்றியது போலீஸ் கேஸ் என்று மட்டும் தெரியும். இந்த ஊரில் எஞ்சின் மாறியதையும் இந்த நாலு விஷயத்தையும் சேர்த்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரிந்துகொண்டு என்ன செய்கிறேன்? கதை எழுதுகிறேன்.

6

முடிவுகள். எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல நினைத்தேன். ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தால் எதையும் உங்களுக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

அ) ஜெயராமனுக்குக் கண்புரை. நம்பரைத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி குடித்துப் போகிறார். (போன மாதம் என் நோட்டில் என் எழுத்துப்பிழையை அவர் சுட்டிக்காட்டினார். புரை கிடையாது.)

ஆ) ஜெயராமன் பார்த்துவிடுகிறார். ஆனால் சொன்னால், தான் அழுதது ரொட்டி வேனுக்காக என்று ஆகிவிடும். ஊர் சிரிக்கும். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார். (இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அந்த வரியும் இப்படித்தான் பிடித்திருந்தது.)

இ) ஜாய்சனுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். இருபது வருட டிரைவருக்கு எஞ்சின் சத்தம் தெரியாதா? மனைவிக்காக எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு "அவன் அவள் கையைப் பற்றி, 'எனக்கு அன்றைக்கே தெரியும்' என்றா" — (இல்லை. இப்படிப்பட்ட கணவர்கள் கதைகளில் மலிவாகக் கிடைக்கிறார்கள். நான் ஜாய்சனோடு உட்கார்ந்து பப்ஸ் தின்றவள். எதையும் மறைக்கிற முகம் அதில் இல்லை. முதுகு வலிக்கிற முகம்தான் இருந்தது. தெரியுமா தெரியாதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.)

ஈ) நான் மமதாவுக்குப் போன் செய்து, அது ஜாய்சன் சொன்னதல்ல, என் கற்பனை என்கிறேன்.

இதற்குக் கதை தேவையில்லை, போன் போதும். புதன் சாயங்காலம் ஐந்தரைக்குச் செய்தேன்.

"மமதா, அந்த நட்டு வரி இருக்குதே, அத அவர் சொல்லலம்மா. நான் எழுதினது."

அவள் சிரித்தாள். "அய்யோ, காப்பிரைட் கேக்கறீங்களா மேடம்? அவரே கேமரால சொல்லிட்டாரே! நீங்க ஆரம்பிச்சு வெச்சீங்க, அவர் ஓன் பண்ணிக்கிட்டார். எஷ்டு சூப்பர்!"

"இல்லம்மா, அந்த சர்டிபிகேட்டு—"

"நாளைக்கு ஜெயராமன் சார் அவர் அடிச்ச நம்பர அவரே தொடற ஷாட். நீங்களும் வாங்க மேடம், ப்ளீஸ்."

அதற்குமேல் சொன்னால் ஜூடித்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். வைத்துவிட்டேன். அவள் சொன்னது சரிதான். நான் எழுதியபோது அது என் பொய். இப்போது அது ஜாய்சனின் வாக்குமூலம், கையெழுத்தோடு கம்பெனி ஃபைலில் இருக்கிறது.

ஜூடித் இந்த மூன்று நாளில் ஜாய்சனிடம் சொல்ல நாலு தடவை வாயெடுத்திருக்கிறாள். முதல் தடவை அவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவை அக்கம்பக்கத்து வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு அழைப்புச் சொல்லிவிட்டு வந்தான். மூன்றாவது தடவை, நிரந்தர வேலை என்றால் டாக்டரிடம் முதுகைக் காட்டலாம் என்றான். நாலாவது தடவை அவன் எதுவுமே செய்யவில்லை, சும்மா வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது என்றாள்.

7

வியாழன். காலை ஒன்பது நாற்பது. நான் ஒக்கலிபுரம் போகவில்லை. ஜூடித்தின் போன் வந்தது. இதுவரை மேடம் என்றே கூப்பிட்டவள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லும்மா."

"அவரு குளிக்கறாரு. சீக்கிரம் சொல்லிடறேன். நான் மாத்தினேன்னு இப்போ ஒத்துக்கிட்டா, அவரு ஊருக்கெல்லாம் பொய் சொன்னவரா ஆயிடுவாரு. வேலையும் போயிடும். ஒத்துக்கலன்னா, நான் அவர ஏமாத்தினது ஏமாத்தினதாவே ஞாயித்துக்கிழம மேட ஏறிடும். யாரு பொய்யா இருக்கட்டும்க்கா? நீங்க எழுதறவங்க. சொல்லுங்க."

 இதில் மூன்றாவதாகப் பொய் சொன்ன ஓர் ஆளும் இருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாதே! இதைச் சொல்லிவிட்டால் பாரத்தில் பாதி இறங்கிவிடும், அவளுக்கும் எனக்கும், என்று நினைத்தேன்.

"ஜூடித், அந்த வரிய அவர் சொல்லலம்மா. நான் எழுதினேன். உன் கிட்ட விஷயத்தக் கேட்டதுக்கு அப்புறம், நானே அவர் பேர போட்டு எழுதினேன். தப்பு என்னுது. அவர் உனக்கு ஒண்ணும் வாக்கு குடுக்கல, ஊருக்கும் குடுக்கல. அவர் கிட்ட நீ தைரியமா சொல்லலாம்."

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. 

"அவரு அப்பிடிச் சொல்லவே இல்லியா?" என்றாள்.

"இல்லம்மா. நல்லா ஓடுதுன்னு மட்டுந்தான் சொன்னாரு."

"அந்தப் புக்குப் பக்கத்த நான் ஸ்கூல்ல லேமினேட் பண்ணி வெச்சிருக்கேங்க்கா."

அவளே தொடர்ந்தாள்.

"மூணு வருசம் அவரு இல்லாதப்போ நான்தான பாத்துக்கிட்டேன் வண்டிய? என்ன நம்பித்தான் அப்பிடிச் சொல்லியிருக்காருன்னு நெனச்சேன். பயமாவும் இருந்துச்சு. ஆனா கல்யாணமாகி இத்தன வருசத்துல என்னப் பத்தி அவரு நாலு பேருக்கு முன்னால ஒண்ணு சொன்னாருன்னா அது இதுதான்னு..." நிறுத்தினாள். "சரிக்கா. அது நீங்க எழுதினதுதானா."

"ஜூடித், இன்னொண்ணு இருக்கும்மா. அந்த நாலு—"

வாசலில் ஹாரன். "வந்துட்டாங்க," என்றாள். போனைக் கட் பண்ணவில்லை, எங்கேயோ வைத்துவிட்டாள். வேண்டுமென்றா, மறந்தா, தெரியாது. எல்லாம் கேட்டது. ஜாய்சன், "வாங்க சார், வாங்க மேடம், உள்ள வந்து உக்காருங்க," என்றான். மமதா கூட வந்த ஃபோட்டோக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஜெயராமன் உட்கார மாட்டேன் என்றார், முதலில் வண்டி என்றார். தார்ப்பாயை இழுக்கிற சத்தம் கேட்டது. பின்பக்க மூடி திறந்தது.

"எங்கம்மா, லைட் அடிங்க இங்க," என்றார் ஜெயராமன்.

ஜூடித், "சார், ஒரு நிமிசம்," என்றாள்.

அங்கே போனைக் கட் பண்ணியது நான்.

இப்போது மணி பதினொன்று. என் போன் மேஜைமேல் குப்புறக் கிடக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் அவள் எல்லோர் முன்னாலும் சொன்னாளா, ஜாய்சனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாளா, காபி குடித்துவிட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாளா, எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதித்தான் இத்தனை வருடம் சோறு தின்றிருக்கிறேன். எழுதினால் ஒரு பத்து நிமிடத்தில் உங்கள் கண்ணிலும் தண்ணீர் வரவைத்துவிடுவேன். பயமாக இருக்கிறது. நான் எழுதிய ஒன்று ஏற்கெனவே நடந்துவிட்டது.

ஜெயராமன் குனிந்திருக்கிறார், மமதா லைட்டைப் பிடித்திருக்கிறாள், ஜாய்சன் சீருடையில் நிற்கிறான், ஜூடித் வாயைத் திறந்திருக்கிறாள். இந்த நாலு பேரையும் அப்படியே உங்களிடம் விட்டுவிட்டு எழுந்திருக்கிறேன். மேற்கொண்டு நீங்கள் எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று, அவர்கள் சொல்லாத எதையும் அவர்கள் வாயில் வைக்காதீர்கள்.